கடல் எங்கே இருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது!

ஆட்டோகேட், ஸ்டாட், ரெவிட்... மவுஸைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி மூலக்கொத்தளம் பக்கம் ஒரு ரவுண்டு வாங்க பாஸ்!

சென்னையில பெரிய பில்டிங் கட்டணும்னா சி.எம்.டி.ஏ. அனுமதி வேணும். எழும்பூர்ல இருக்கிற அந்த ஆபீஸ் கட்டடத்துக்கு என்ன பேர் தெரியுமா? தாளமுத்து நடராசன் மாளிகை. இந்தி எதிர்ப்புப் போராட்டத்துல சிறைக்குப் போய், 1939-ல் கைதியாக இருக்கும்போதே உயிரை விட்ட ரெண்டு பேரின் பேர் அது. அவங்க நினைவிடம் இருக்கிறது நம்ம மூலக்கொத்தளத்துல. ஆக, நகரத்தோட பிளான் எல்லாம் பாஸ் ஆகிற மாளிகைக்குப் பேர் கொடுத்தவங்க வடசென்னை மண்ணுலதான் தூங்குறாங்க.

இந்த ஏரியாவோட பேர்லயே சிவில் இன்ஜினீயரிங் இருக்கு மச்சி! கொத்தளம்னா கோட்டை மதில்லேர்ந்து வெளியே துருத்திக்கிட்டு நிக்கிற காவல் மேடை. 18-ம் நூற்றாண்டுல கறுப்பர் நகரத்தைச் சுத்தி மதில் எழுப்பினாங்க. அதுல மிச்சம் இருக்கிற ஒரு துண்டைப் பழைய ஜெயில் ரோட்டுல, மாடிப் பூங்காவுல இன்னைக்கும் தொட்டுப் பார்க்கலாம். அந்த மதிலுக்கு பிளான் போட்டவன் மை, காகிதம், அளவுகோலை வெச்சுத்தான் போட்டான். இன்னைக்கு அதே தெருக்கள்ல, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில, ஒரு கம்ப்யூட்டரும் பிளாட்டரும் போட்டு ‘இங்கு வீட்டு பிளான் வரைந்து தரப்படும்’னு போர்டு மாட்டியிருக்காங்க.

சரி, நடுவுல என்ன மாறிச்சு? என்ன மாறல? சிவில் படிக்கிறவங்களுக்கு மட்டுமில்ல, வீடு கட்டப்போற அப்பா அம்மா இருக்கிற எல்லாருக்கும் இது தெரிஞ்சிருக்கணும்.

மினி டிராஃப்டர் டு மவுஸ்

ஃபர்ஸ்ட் இயர்ல மினி டிராஃப்டரை ஏதோ ஏ.கே. 47 மாதிரி தோள்ல மாட்டிக்கிட்டு பஸ் ஏறுற சீனை எந்த இன்ஜினீயரிங் பையனும் பொண்ணும் மறக்க முடியாது. ஒரு காலத்துல ஆபீஸ்லயும் அதே கதைதான். பெரிய டிராயிங் போர்டு, டிரேசிங் ஷீட், மை ஊத்துற பேனா. ஒரு சுவர் ஆறு இன்ச் நகரணும்னா பிளேடை எடுத்து மையைச் சுரண்டணும். காப்பி வேணும்னா அமோனியா பிரின்ட். அந்த வாடையிலேயே தலைவலி வந்துடும்.

1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில ஐவன் சதர்லேண்டுன்னு ஒரு ஆராய்ச்சி மாணவர், கம்ப்யூட்டர் திரையில ஒளிப் பேனாவால நேரடியா கோடு போடுற ‘ஸ்கெட்ச்பேட்’ புரோகிராமைத் தன் ஆய்வா சமர்ப்பிச்சார். அப்போ அவருக்கு வயசு 24! நம்ம சூப்பர் சீனியர் வயசு. ஆனா அந்த மாதிரி கம்ப்யூட்டரை வாங்குற வசதி பெரிய பெரிய நிறுவனங்களுக்கு மட்டும்தான் இருந்துச்சு. 1982 டிசம்பர்ல ஆட்டோடெஸ்க் நிறுவனத்தோட ஆட்டோகேட் வந்துச்சு. சாதாரண பெர்சனல் கம்ப்யூட்டர்லயே ஓடும்கிறதுதான் அதோட பலம். பிளான் போடுற வேலை பெரிய கம்பெனிக் கதவைத் தாண்டி, மாடிப்படி ஏறி, சின்னச் சின்ன ஆபீஸுக்கு வந்தது அதுக்கப்புறம்தான்.

நாலு வேலை, நாலு டீம்!

‘கேட் தெரியுமா?’ன்னு இன்டர்வியூல கேட்டா உடனே ஆட்டோகேட்னு சொல்லிடுறோம். ஆனா கட்டடத் துறையில இந்த மென்பொருள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. செய்யிற வேலையை வெச்சுப் பிரிச்சா நாலு டீம். புரியிறதுக்கு ஒரு வீட்டை எடுத்துக்குவோம். மூலக்கொத்தளத்துல ஒரு சந்து. 20 அடிக்கு 30 அடி மனை, அதாவது 600 சதுர அடி. தரைத் தளம், மேல ரெண்டு மாடி.

டீம் 1 - வரையிறவங்க: ஆட்டோகேட் இதுல தல. இந்த வீட்டோட பிளான், எலிவேஷன், செக்‌ஷன் எல்லாம் இங்கே கோடுகள். சுவர் ஒரு லேயர், கதவு ஒரு லேயர், கம்பி ஒரு லேயர்னு ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கின கண்ணாடித் தாள் மாதிரி. ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீங்க. ஆட்டோகேட்ல நீங்க போட்ட ரெண்டு கோடு ‘சுவர்’னு உங்களுக்குத்தான் தெரியும். அதுக்கு அது வெறும் ரெண்டு கோடு.

டீம் 2 - கணக்குப் போடுறவங்க: ஸ்டாட் புரோ, ஈடேப்ஸ். எந்த பீம்ல எவ்வளவு வளைவு, எந்த காலம்ல எவ்வளவு பாரம், எத்தனை கம்பின்னு சொல்றது இவங்கதான். ஸ்டாட், இந்தியரான அம்ரித் தாஸ் அமெரிக்காவுல ஆரம்பிச்ச ரிசர்ச் இன்ஜினீயர்ஸ் நிறுவனத்தோட பிள்ளை. 2005-ல் பென்ட்லி கம்பெனி அதை வாங்கிடுச்சு. ஈடேப்ஸ், கலிஃபோர்னியாவோட பெர்க்லியில பிறந்தது. துபாய் புர்ஜ் கலிஃபாவோட கட்டமைப்பை ஆராய்ஞ்சது இதுலதான்.

டீம் 3 - முழுக் கட்டடத்தையும் கட்டுறவங்க: ரெவிட், ஆர்க்கிகேட், டெக்லா. இங்கே கோடு கிடையாது, பொருள்தான். சுவர்னு சொன்னா அதுக்கு உயரம், கனம், செங்கல், பூச்சு எல்லாம் இருக்கும். ஜன்னலைப் பிளான்ல நகர்த்தினா எலிவேஷன்லயும் தானா நகரும். சிமென்ட், செங்கல் கணக்கும் தானா மாறும். இந்த முறைக்குத்தான் பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங், சுருக்கமா ‘பிம்’னு பேர். ரெவிட் 2000-ல் வெளிவந்தது. 2002-ல் ஆட்டோடெஸ்க் அதை 13 கோடி டாலருக்கு மேல கொடுத்து வாங்குச்சு. டாய்லெட் பைப் நேரா பீமைக் குத்திக்கிட்டுப் போகுதுன்னு கட்டுறதுக்கு முன்னாடியே சிவப்பு விளக்கு காட்டுறதும் இந்த டீம்தான்.

டீம் 4 - படம் காட்டுறவங்க: ஸ்கெட்ச்அப் மாதிரி ஆட்கள். வெயில், நிழல், மாடியில ரோஜாச் செடி எல்லாம் போட்டு ‘அங்கிள், உங்க வீடு இப்படித்தான் இருக்கும்’னு காட்டி அட்வான்ஸ் வாங்குறது இவங்க டிபார்ட்மென்ட். ஹி... ஹி...

டீம் 2-க்கு உள்ளே என்னதான் நடக்குது?

எல்லாரும் பயப்படுறதும், கண்ணை மூடிக்கிட்டு நம்புறதும் டீம் 2-வைத்தான். அதனால கொஞ்சம் மூடியைத் திறந்து பார்ப்போம்.

நம்ம 600 சதுர அடி வீட்டுல 12 காலம், மூணு ஸ்லாப்னு வெச்சுக்கங்க. ஒவ்வொரு மட்டத்துலயும் காலமும் பீமும் சந்திக்கிற இடம் 12. மூணு மட்டத்துக்கு 36 சந்திப்பு. ஒவ்வொரு சந்திப்பும் ஆறு விதமா அசையலாம். முன்பின், இடவலம், மேல்கீழ்னு மூணு நகர்வு. அதே மூணு அச்சுலயும் மூணு திருகல். 36-ஐ ஆறால பெருக்குனா 216. ஆக, 216 சமன்பாடு, 216 விடை தெரியாத எண். பரீட்சையில மூணு சமன்பாடு கொடுத்தாலே நமக்கு வேர்த்துடும். கம்ப்யூட்டர் இதைக் கண் இமைக்கிறதுக்குள்ள முடிச்சுடும். அதுக்கப்புறம் அந்த அசைவிலிருந்து விசையைக் கண்டுபிடிச்சு, ஐ.எஸ். 456 சொல்ற விதிப்படி கம்பியையும் கணக்குப் பண்ணிக் கொடுக்கும்.

செம ஸ்பீடு! அதுல சந்தேகமே இல்லை. ஆனா அந்த 216 சமன்பாட்டுலயும் நீங்க டைப் பண்ணினது மட்டும்தான் இருக்கும். வீடு எந்த ஊர்ல இருக்கு, அடியில என்ன மண்ணு, பக்கத்துல கால்வாயா கடலான்னு அதுக்குத் தெரியவே தெரியாது. சொன்னா நம்பும். சொல்லலைன்னா, ஏற்கெனவே அந்தக் கட்டத்துல உட்கார்ந்திருக்கிற எண்ணை எடுத்துக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கும்.

ரெண்டு பேரும் பேசிக்கிட்டா இப்படித்தான் இருக்கும்:

மென்பொருள்: “கான்கிரீட் கவர் எவ்வளவு சார்?”

நீங்க: “ஏதோ ஒரு எண் இருக்குல்ல, அதையே வெச்சுக்க.”

மென்பொருள்: “மண்ணோட தாங்கு சக்தி?”

நீங்க: “போன புராஜெக்ட்ல போட்டதையே போடு.”

மென்பொருள்: “ஓகே சார். டிசைன் பாஸ்!”

அந்தப் ‘பாஸ்’ல ஒரு குடும்பம் இருக்கப்போகுது பாஸ்!

45 மில்லிமீட்டர் விஷயம்

வடசென்னையில இதை விளக்க கவரைவிட நல்ல உதாரணம் கிடையாது. கவர்னா, கான்கிரீட்டோட வெளி முகத்துக்கும் உள்ளே இருக்கிற கம்பிக்கும் நடுவுல இருக்கிற கனம். கம்பிக்குப் போட்ட சட்டைன்னு வெச்சுக்கங்க.

இந்தச் சட்டை எவ்வளவு தடிமனா இருக்கணும்கிறது, கட்டடம் எந்தக் காத்தைச் சுவாசிக்குதுங்கிறதைப் பொறுத்தது. ஐ.எஸ். 456 அதை அஞ்சு நிலையாப் பிரிக்குது. மிதமான சூழல்னா எம்20 கான்கிரீட், 20 மில்லிமீட்டர் கவர் போதும். கடலோர ஊர்ல உப்புக் காத்து நேரடியாப் படாம மறைவா இருக்கிற பகுதின்னா எம்25, 30 மில்லிமீட்டர். கடலோரக் காத்துல திறந்து கிடக்கிற கான்கிரீட்டுக்கு எம்30, 45 மில்லிமீட்டர். கடல் தண்ணி தெறிக்கிற இடம், அரிக்கிற புகை படுற இடம்னா எம்35, 50 மில்லிமீட்டர். அலை ஏறி இறங்குற இடத்துலயே நிக்கிற தூணுக்கு எம்40, 75 மில்லிமீட்டர்.

இப்போ நம்ம மேப்பைப் பாருங்க. காசிமேட்டுல கடலைப் பார்த்த பால்கனி ஒரு நிலை. மூலக்கொத்தளம் வீட்டுக்குள்ள இருக்கிற பீம் இன்னொரு நிலை. எண்ணூர் பக்கம் தொழிற்சாலைப் புகை நேரடியாப் படுற இடம்னா கதையே வேற. துறைமுகத் தூண்களுக்குக் கடைசி நிலை. ஒரே பின்கோடு வரிசை, ஒரே மாநகராட்சி. ஆனா கான்கிரீட்டுக்கு நாலு ஊர்!

கவர் பத்தலைன்னா என்ன ஆகும்? உப்பு மெதுவா உள்ளே போகும். கம்பியைத் தொடும். துரு பிடிக்கும். துருன்னா ஏதோ கலர் மாறுற சமாச்சாரம்னு நினைக்காதீங்க. இரும்பு துருவாகும்போது ரெண்டு மடங்குல இருந்து ஆறு மடங்கு வரைக்கும் இடம் கேட்கும். உள்ளேயிருந்து அது தள்ளத் தள்ள, கான்கிரீட் வெடிச்சுப் பேத்துக்கிட்டு விழும். ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் பழைய வீட்டு சன்ஷேடுக்கு அடியில பழுப்பு நிறக் கோடும், பல்லைக் காட்டுற கம்பியும் பார்த்திருப்பீங்களே... அந்தப் பேஷன்ட்தான்.

இன்னொரு காமெடியும் உண்டு. ஸ்கிரீன்ல நீங்க ரொம்பச் சரியா 45-னு டைப் பண்ணிட்டீங்க. சைட்டுல அந்த 45-ஐ உருவாக்கப் போறது எது? கவர் பிளாக்னு ஒரு குட்டி கான்கிரீட் வில்லை. அது இல்லைன்னு கம்பிக்கு அடியில ஒரு ஜல்லிக் கல்லைச் சொருகிட்டாங்கன்னா, கான்கிரீட் கொட்டும்போது கல் நகர்ந்துடும். கம்பி சென்ட்ரிங் பலகை மேலயே படுத்துடும். எந்த மென்பொருளும் அங்கே குனிஞ்சு பார்க்காது. நீங்கதான் பார்க்கணும்.

கம்ப்யூட்டர் ஓகே சொன்ன கூரை

‘சும்மா பயமுறுத்தாதீங்க’ன்னு சொல்றவங்களுக்காக உலக உதாரணம் ரெண்டு.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்துல ஒரு பிரமாண்ட விளையாட்டு அரங்கம். 1970-கள்ல கம்ப்யூட்டர் உதவியோட டிசைன் பண்ணின எஃகுக் கூரை. கட்டும்போதே கூரை, கணக்கு சொன்னதைவிட அதிகமாத் தொய்ஞ்சுது. ‘கணக்குக்கும் நடைமுறைக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்’னு அதை ஒதுக்கிட்டாங்க. 1978 ஜனவரி 17 ராத்திரி சுமார் 5,000 பேர் அங்கே பாஸ்கெட்பால் மேட்ச் பார்த்துட்டுப் போனாங்க. சில மணி நேரம் கழிச்சு, 18-ம் தேதி விடியறதுக்கு முன்னாடி, பனியின் பாரம் தாங்காம முழுக் கூரையும் கீழே! உள்ளே யாரும் இல்லை, தப்பிச்சாங்க. காரணம் என்ன? எஃகுச் சட்டங்களை நடுவுல தாங்கிப் பிடிக்க முட்டு இருக்குன்னு நினைச்சுத்தான் கம்ப்யூட்டர் மாடல் கணக்குப் போட்டிருந்தது. நிஜக் கூரையில அந்த முட்டு அப்படிப் பிடிச்சுக்கிட்டு இல்லை.

ரெண்டாவது, நார்வேயில 1991 ஆகஸ்ட் 23. ஸ்லைப்னர்னு ஒரு கடல் எண்ணெய் மேடை. அடித்தளம் முழுக்க கான்கிரீட். சோதனைக்காக மூழ்க வைக்கும்போது ஒரு சுவர் பிளந்து, மொத்தமும் கடலடிக்குப் போச்சு. விழுந்த அதிர்ச்சி நிலநடுக்கக் கருவியிலேயே 3 அளவுக்குப் பதிவாச்சு. கம்ப்யூட்டர் மாடல்ல ஒரு பகுதியைச் சரியாப் பிரிக்காததால, அங்கே இருந்த வெட்டு விசையை 47 சதவீதம் குறைச்சுக் கணக்குப் பண்ணியிருந்தாங்க.

வெளிநாட்டுக் கதை வேணாம், நம்ம ஊருக்கே வருவோம். போரூர் பக்கம் மவுலிவாக்கம். 2014 ஜூன் 28 சாயந்திரம், மழை நேரத்துல, கட்டிக்கிட்டு இருந்த 11 மாடிக் கட்டடம் சரிஞ்சுது. 61 பேர் இறந்தாங்க. இறந்தவங்கள்ல நிறையப் பேர் அங்கே வேலை பார்த்த கூலித் தொழிலாளர்கள். நீதிபதி ரெகுபதி தலைமையில விசாரணை ஆணையம் அமைச்சாங்க. கட்டமைப்பு வடிவமைப்புலயே கோளாறுன்னு அது சொல்லுச்சு. பக்கத்துல அதே மாதிரி நின்ன ரெண்டாவது கட்டடத்தை 2016 நவம்பர் 2-ம் தேதி வெடி வெச்சுத் தகர்த்தாங்க. 2014-ல் எல்லா மென்பொருளும் நம்ம ஊர்ல இருந்துச்சு பாஸ். டூல் இல்லாத குறை இல்லை அது.

இப்போ நேரா வடசென்னை. 2021 டிசம்பர் 27. திருவொற்றியூர் அரிவாக்குளத்துல குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக், 24 வீடுகள், அப்படியே உட்கார்ந்துடுச்சு. அந்தக் கட்டடத்துக்கு 30 வயசுகூட ஆகலை. ஒரு உயிர்கூடப் போகலை. எப்படி? சுவர்ல விரிசலைப் பார்த்த மக்கள் முன்னாடியே வெளியே வந்துட்டாங்க. அன்னைக்கு வேலை செஞ்ச ஒரே எச்சரிக்கைக் கருவி அங்கே குடியிருந்தவங்க கண்ணுதான். ஒரு சாதாரண அம்மா சுவரைப் பார்த்து ‘இது சரியில்லை’ன்னு சொல்றாங்கன்னா, நாலு வருஷம் ஃபீஸ் கட்டிப் படிச்ச நாம ஸ்கிரீனைப் பார்த்து ‘இது சரியில்லை’ன்னு சொல்ல வேணாமா?

ஒரு பேப்பர், ஒரு பேனா, ரெண்டு நிமிஷம்

சொல்லலாம். அதுக்கு மூளை போதும், கிராபிக்ஸ் கார்டு வேணாம்.

நம்ம மூலக்கொத்தளம் வீட்டோட நடு காலத்தை எடுத்துக்கங்க. அது சுத்தியிருக்கிற மூணு மீட்டருக்கு மூணு மீட்டர், அதாவது 9 சதுர மீட்டர் தரையைச் சுமக்குது. ஸ்லாப், பீம், சுவர், ஆளுங்க, சாமான் எல்லாம் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்குத் தோராயமா 1.2 டன்னு வெச்சா, ஒரு தளத்துக்கு 10.8 டன். மூணு தளத்துக்கு 32 டன் சொச்சம். மென்பொருள் 28-னு சொல்லுதா, 36-னு சொல்லுதா? பிரச்னையே இல்லை. 3-னு சொல்லுதா, 300-னு சொல்லுதா? ஸ்டாப்! எங்கேயோ யூனிட் மாறியிருக்கு, இல்லைன்னா ஒரு ஸ்லாப் பாரத்தையே கொடுக்காம விட்டிருக்கீங்க.

அடுத்து அடித்தளம். மண்ணு ஒரு சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கும்னா, 32 டன்னுக்கு 3.2 சதுர மீட்டர் வேணும். அதாவது ஒரு பக்கம் 1.8 மீட்டர். அதே இடத்துல யாரோ 10-க்குப் பதிலா 20-னு டைப் பண்ணிட்டா, ஃபுட்டிங் பாதியாச் சுருங்கிடும். மென்பொருள் வாயே திறக்காது. ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், இன்னொரு பக்கம் கேப்டன் காட்டன் கால்வாய், கொஞ்சம் தள்ளிக் கடல்னு இருக்கிற ஏரியாவுல, மண் பரிசோதனை ரிப்போர்ட் இல்லாம அந்தக் கட்டத்தை நிரப்புறது சூதாட்டம்தான். இன்னொண்ணு, ஓரத்துல இருக்கிற காலம் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி நிக்கும். ஃபுட்டிங்கை அந்தப் பக்கம் நீட்டவே முடியாது. இதுக்கு என்ன வழின்னு யோசிக்கிறதுதான் இன்ஜினீயர் வேலை. அதை எந்த மெனுவிலயும் தேடாதீங்க, கிடைக்காது.

காத்தையும் மறக்கக் கூடாது. ஐ.எஸ். 875 சென்னைக்குக் கொடுத்திருக்கிற அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். மணிக்குக் கணக்குப் போட்டா 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12-ல் வர்தா வந்து மரங்களைச் சாய்ச்சப்போ இதெல்லாம் சும்மா எண்ணு இல்லைன்னு நகரமே பார்த்துச்சு. 2002-ல் நிலநடுக்க வரைபடத்தைத் திருத்தினப்போ சென்னையை ரெண்டாம் மண்டலத்துல இருந்து மூணாம் மண்டலத்துக்கு மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி கட்டின கட்டடத்துக்கு மேல இன்னொரு மாடி எழுப்பணும்னு யாராவது வந்தா, உடனே மவுஸைத் தொடாதீங்க. முதல்ல பழைய கணக்கைக் கேளுங்க.

‘100 சதவீதம் வேலை உத்தரவாதம்!’

கேட் கோர்ஸ் போர்டுல இந்த வரி இல்லாத தெரு இருக்கா? ‘ஆறு சாஃப்ட்வேர், 45 நாள், ஒரே சர்டிஃபிகேட்’னு ஆஃபர் வேற. கொஞ்சம் யோசிங்க. கமாண்டை மனப்பாடம் பண்றது ஒரு மாச வேலை. அடுத்த வெர்ஷன்ல பட்டன் இடம் மாறினா அந்தப் படிப்பு பாதி காலி. ஆனா பீம் எப்படி வளையும், கம்பியைக் கீழே ஏன் போடுறோம், பால்கனியில மட்டும் ஏன் மேலே போடுறோம்னு புரிஞ்சவனுக்கு எந்த மென்பொருளும் ரெண்டு வாரம்தான்.

அதனால ஒரு வரிசை வெச்சுக்கங்க. முதல் ரெண்டு வருஷம் கையால ஸ்கெட்ச், கூடவே ஆட்டோகேட். மூணாம் வருஷம், கிளாஸ்ல கான்கிரீட் டிசைன் நடத்த ஆரம்பிச்சதும் ஸ்டாட் அல்லது ஈடேப்ஸ். ஒவ்வொரு கணக்கையும் முதல்ல கையால, அப்புறம் அதுல. ரெண்டு விடையும் ஏன் வித்தியாசப்படுதுன்னு தேடுறதுலதான் நிஜமான படிப்பு இருக்கு. ஃபைனல் இயர்ல ரெவிட் பக்கம் போங்க. எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிஞ்சு வெச்சுக்கிறதைவிட, ஒண்ணை முழுசாத் தெரிஞ்சவங்களுக்குத்தான் இன்டர்வியூல வாய் திறக்கும்.

இன்னொரு விஷயம். இது பி.இ. ஆளுங்க ராஜ்யம் மட்டும் இல்லை. பத்தாவது முடிச்சுட்டு ஐ.டி.ஐ.யில ரெண்டு வருஷம் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படிச்சவங்களும் டிப்ளமோ முடிச்சவங்களும் இந்தத் துறையோட முதுகெலும்பு. சைட்டுல கொத்தனாரும் கம்பி கட்டுறவரும் கையில வெச்சுப் பார்க்கிறது அவங்க வரைஞ்ச ஷீட்டைத்தான். அந்த ஷீட்டுல எழுத்து படிக்கிற சைஸ்ல இல்லைன்னா உங்க 3டி மாடல் எவ்வளவு அழகா இருந்தும் யூஸ் இல்லை.

பொறுப்பும் இப்போ கூடியிருக்கு. 2024 ஜூலையில தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்துச்சு. 2,500 சதுர அடி வரைக்குமான மனையில, 3,500 சதுர அடி வரைக்கும், தரைத் தளமும் ஒரு மாடியுமா வீடு கட்டுறவங்க, ‘விதிப்படிதான் கட்டுறேன்’னு ஆன்லைன்ல சான்று கொடுத்து உடனடியா அனுமதி வாங்கலாம். நல்ல விஷயம், அலைச்சல் மிச்சம். ஆனா பிளானைப் புரட்டிப் பார்க்கிற ஒரு ஜோடிக் கண்ணு குறையுதுன்னா, வரையிறவன் கண்ணு டபுளா வேலை செய்யணும்ல?

காசில்லாம கத்துக்கலாம் வாங்க!

* கிராக் வெர்ஷன் வேணாம் மச்சி. வைரஸ் இலவசமா வரும்கிறது ஒரு பக்கம். அதுல வரைஞ்சதைக் கம்பெனிக்குக் கொடுத்தா சட்டச் சிக்கல் இன்னொரு பக்கம்.

* ஆட்டோகேட், ரெவிட் ரெண்டையும் ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு இலவசமாவே கொடுக்குது. காலேஜ்ல படிக்கிறோம்னு நிரூபிக்கணும், வருஷா வருஷம் புதுப்பிக்கணும். சம்பாதிக்கிற வேலைக்கு மட்டும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

* லிப்ரேகேட், 2டி வரையிறதுக்கு. ஃப்ரீகேட், 3டி-க்கு. ரெண்டும் யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்கிற திறந்தமூல மென்பொருள். பழைய கம்ப்யூட்டர்லயும் லிப்ரேகேட் ஜோரா ஓடும்.

* எஃகுக் கட்டமைப்புக்கு நம்ம நாட்டுச் சரக்கே இருக்கு. மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டத்துல உருவான ‘ஆஸ்டாக்’. ஐ.எஸ். 800 விதிப்படி டிசைன் பண்ணும், இலவசம். விடையை மட்டும் காட்டாம, கணக்குப் போட்ட படிகளையும் ரிப்போர்ட்டாக் கொடுக்கும். படிக்கிற பசங்களுக்கு அதுதானே வேணும்!

* அதே ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்துல பல மென்பொருள் பாடங்கள் தமிழ்க் குரல்லயே கிடைக்குது. ஹெட்போன் மாட்டினாப் போதும்.

சனிக்கிழமை ஹோம்வொர்க்

இந்த வாரம் ஒரு நாள் ஃபிரெண்ட்ஸோட ஒரு டேப், ஒரு நோட்டு எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. மூலக்கொத்தளத்துல ஆரம்பிங்க. மாடிப் பூங்காவுல பழைய மதிலோட கனத்தைப் பாருங்க. கம்பியே இல்லாத காலத்துச் சுவர் அது. துருப் பிடிக்க அதுக்குள்ள ஒண்ணுமே கிடையாது. அங்கேயிருந்து ராயபுரம் ஸ்டேஷன். 1856-ல் திறந்த கட்டடம், தூண்களை எண்ணுங்க. அப்படியே கடற்கரை ரோட்டுக்குப் போய், கடலைப் பார்த்த பால்கனியையும், அதே வீட்டுக்குப் பின்பக்க பால்கனியையும் ஒப்பிட்டுப் பாருங்க. எதுல பழுப்புக் கோடு அதிகம்? எங்கே கான்கிரீட் பேத்திருக்கு? வீட்டுக்காரங்ககிட்ட கேட்டு, முடிஞ்சா ஒரு பால்கனியை அளந்துக்கங்க. படத்தை நோட்டுல கையால போடுங்க.

திங்கள்கிழமை லேப்ல கம்ப்யூட்டரைத் திறந்து, அதே பால்கனியை மாடல் பண்ணுங்க. கவர்னு ஒரு கட்டம் வரும். அதுல ஏற்கெனவே ஒரு எண் ரெடியா உட்கார்ந்திருக்கும். இப்போ அதைப் பார்த்ததும் உங்களுக்குப் பழுப்புக் கோடு ஞாபகம் வரும்.

அழிச்சுட்டு, சரியான எண்ணை டைப் பண்ணுங்க பாஸ். அந்த பால்கனிக்குக் கீழே ஒரு குழந்தை விளையாடப் போகுது!